தாத்தாவுக்குப் பல், எங்களுக்கு ஐஸ்கிரீம் வேலை

அம்மா: வெள்ளிக்கிழமை காலையில் மாமாவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, கீழ்ப்பல் நான்கையும் எடுக்கிறார்கள். டாக்டர் இப்போதுதான் உறுதிசெய்தார். சில நாள் மெல்ல முடியாது. முதல் நாள் சூடாக எதுவும் கூடாது.

வசந்தா அத்தை: ஐயோ. ஏற்கெனவே இளைத்துப்போய் இருக்கிறார் அண்ணி

அம்மா: அதனால்தான் புரதம் சேருங்கள் என்கிறார். பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் டம்ளரைத் தள்ளிவிடுகிறார் வசந்தா. நான் என்ன செய்ய?

திவ்யா: ஐஸ்கிரீம் என்றால் தள்ள மாட்டார்

பெரியப்பா: சாக்லேட்

கார்த்திக்: புரதம் போட்டே சாக்லேட் ஐஸ்கிரீம் செய்யலாம் அத்தை. பவுடர் என்னிடம் இருக்கு. முரளி மாமா, உங்கள் ஐஸ்கிரீம் மெஷின் எங்கே?

முரளி சித்தப்பா: உங்கள் வீட்டு அலமாரி மேல்தட்டில்தான். ஒரு வாரத்துக்கு என்று அக்கா வாங்கிப் போனாள்.

வசந்தா அத்தை: திருப்பிக் கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன். பிளேடு மாட்டும் மூடி என்னிடம் இல்லை. பெரிய அண்ணி வீட்டுக்குப் போனது.

பெரியம்மா: எந்த மூடி

பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: மூடி விஷயம் அப்புறம். செய்முறை சொல்லுங்கள்.

முரளி சித்தப்பா: அண்ணி, எல்லாரும் முழுசாகப் படியுங்கள். இது சுற்றிக்கொண்டே உறையவைக்கும் மெஷின் இல்லை. கலவையை டப்பாவில் ஊற்றி, ஃப்ரீசரில் கல்லாக்கி, அதன் பிறகு மெஷினில் வைத்தால் பிளேடு மேலிருந்து கீழே இறங்கிச் சீவும். 24 மணி நேரம் உறைய வேண்டும். வெள்ளி மதியம் வேண்டுமென்றால் நாளை காலைக்குள் டப்பா ஃப்ரீசரில் இருக்க வேண்டும். சாய்த்து வைக்கக் கூடாது, மேல்பரப்பு சமமாக இருக்கணும். நடுவில் மேடு கட்டினால் கரண்டியால் சுரண்டிவிட்டுத்தான் மெஷினில் வைக்க வேண்டும். இல்லையென்றால் பிளேடு போய்விடும்.

பெரியப்பா: 👍

திவ்யா: அளவு சித்தப்பா, அளவு

முரளி சித்தப்பா: வருகிறேன். ஒரு டப்பா அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பால் 350 மில்லி, புரதப் பவுடர் 30 கிராம், கொழுப்பில்லாத பால்பவுடர் 15 கிராம், கோகோ 12 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. பாலில் 11, பவுடரில் 23, பால்பவுடரில் 5, கோகோவில் 2 என்று கூட்டினால் டப்பாவுக்குச் சுமார் 40 கிராம் புரதம். அப்பா ஒரே தடவையில் முடிக்க வேண்டாம். இரண்டு வேளைக்குப் பிரித்துக் கொடுக்கலாம்.

அம்மா: சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாதே?

திவ்யா: போன மாதம் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் டெஸ்ட் சரியாகத்தான் இருந்தது அம்மா. ரிப்போர்ட்டை நான்தான் டாக்டரிடம் காட்டினேன்.

அம்மா: இருந்தாலும் இந்த அளவைச் சொல்லி நாளைக்கு ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்

பெரியம்மா: ஒரு முட்டையும் பச்சையாக அடித்து ஊற்றினால் நல்ல சத்து. என் மாமியார் அப்படித்தான் குடிப்பார்.

கார்த்திக்: வேண்டாம் பெரிய அத்தை. வயதானவர்களுக்குப் பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி பயம். ஊற்றுவதென்றால் பாலோடு சேர்த்து 71 டிகிரி வரை காய்ச்சணும். அந்த வேலை எதற்கு?

பெரியம்மா: அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொண்ணூறு வரை இருந்தார்.

பெரியப்பா: அவர் எருமைப்பால் குடித்தவர்

வசந்தா அத்தை: கார்த்திக், உன் பவுடர் எது? அன்றைக்கு ஷேக் என்று கொடுத்தாயே, தொண்டையில் ஒட்டிக்கொண்டது

கார்த்திக்: வே தான் அம்மா, பால் திரிந்தால் பிரியும் தண்ணீரில் இருக்கும் புரதம். திரியில் தங்கும் கேசீன் இல்லை.

முரளி சித்தப்பா: கேசீன் என்றால் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், கெட்டியாக வரும். வே மட்டும் என்றால் பனித்துகள் கொஞ்சம் நாக்கில் படும். பால்பவுடர் சேர்க்கச் சொன்னதே அதற்குத்தான். முக்கியமான விஷயம்: கோகோ குளிர்ந்த பாலில் கரையாது, கட்டி கட்டியாக மிதக்கும். கால் பங்கு பாலைச் சூடாக்கி அதில் கோகோவை விழுதாகக் குழைக்கணும். அந்தச் சூட்டில் சாக்லேட் வாசனை எழும்பி வரும். அப்புறம் மிச்சப் பாலை ஊற்றி நன்றாக ஆறவிட்டுத்தான் வே பவுடர். கொதிக்கிற பாலில் போட்டால் திரிந்த பால் மாதிரி ஆகிவிடும்.

திவ்யா: இனிப்பு சொல்லவே இல்லை

அம்மா: மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே

முரளி சித்தப்பா: அதுதான் யோசனை. சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை அண்ணி, உறைநிலையையும் இறக்கும். அது இல்லையென்றால் டப்பா இன்னும் கல்லாகும். முதல் தடவை சீவும்போது காய்ந்த மணலாக உதிரும். பயப்படாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி பால் ஊற்றி இன்னொரு தடவை சுற்றினால் பளபளவென்று ஒன்றுசேரும். சர்க்கரைக்குப் பதிலான இனிப்பில் அல்லுலோஸ் கிடைத்தால் நல்லது, அது சர்க்கரை போலவே உறைநிலையை இறக்கும். எரித்ரிட்டால் நிறையப் போட்டால் நறநறக்கும்.

பெரியப்பா: எங்கள் வீட்டில் சைலிட்டால் டப்பா ஒன்று இருக்கிறது. கொடுத்தனுப்பவா?

கார்த்திக்: பெரிய மாமா!! சைலிட்டாலா? டைகர் வீட்டில் இருக்கும்போதா? நாய்க்கு அது விஷம். ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

பெரியப்பா: டைகர் அலமாரி திறக்காது

திவ்யா: போன பண்டிகைக்கு கேக் திறந்தானே பெரியப்பா

வசந்தா அத்தை: அந்தக் கேக் நான் செய்தது. ஒரு துண்டுகூட யாருக்கும் கிடைக்கவில்லை.

பெரியம்மா: சைலிட்டால் டப்பாவை அண்ணன் மேலே எடுத்து வைத்துவிட்டார் வசந்தா

திவ்யா: கோகோவும் அவனுக்கு ஆகாது. ஐஸ்கிரீம் கிண்ணத்தை நக்க விடாதீர்கள், ப்ளீஸ்

அம்மா: இனிப்பு என்ன முடிவு?

கார்த்திக்: என் பவுடரிலேயே இனிப்பு இருக்கு அத்தை. ருசி பார்த்துவிட்டுச் சொல்கிறேன். உறைந்த பிறகு இனிப்பு மந்தமாகத் தெரியும், அதனால் கலவை ஒரு பிடி தூக்கலாக இருக்கட்டும்.

அம்மா: ஸ்ட்ரா போட்டுக் குடிக்கக் கூடாது என்று தாளில் எழுதியிருக்கிறது. உறிஞ்சினால் புண்ணில் கட்டிய ரத்தம் பெயர்ந்துவிடுமாம். கரண்டியால்தான் கொடுக்கணும். மேலே முந்திரி கிந்திரி தூவாதீர்கள்.

பெரியப்பா: சாக்லேட் துண்டு?

அம்மா: அதுவும்தான்

முரளி சித்தப்பா: இன்னொன்று. மெஷின் போடும் சத்தம் மிக்சியைவிட அதிகம். அப்பா தூங்கும்போது போடாதீர்கள். மிச்சத்தைச் சமமாக்கித் திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாம். மறுநாள் மறுபடி ஒரு சுற்று.

வசந்தா அத்தை: சரி, எங்கள் வீட்டிலேயே செய்கிறோம். மெஷின் இங்கேதானே இருக்கு

முரளி சித்தப்பா: அண்ணி வீட்டில் செய்தால் மெஷின் அங்கேயே இருக்கும். அப்பாவுக்குத் தினமும் வேண்டியிருக்கும்.

வசந்தா அத்தை: சுத்தமாகத் துடைத்தே கொடுத்தனுப்புகிறேன் முரளி. கவலைப்படாதே.

பெரியம்மா: 📷 படம்

பெரியம்மா: இதுவா பாருங்கள். பரண் மேல் இருந்தது

முரளி சித்தப்பா: அது மிக்சி மூடி அண்ணி

வசந்தா அத்தை: என் மிக்சி மூடி!! எத்தனை வருஷமாகத் தேடுகிறேன்

பெரியம்மா: கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே

கார்த்திக்: சீவும்போதுதான் அந்த மூடி வேண்டும். டப்பாவை இன்றைக்கே நான் ஊற்றி வைத்துவிடுகிறேன். வெள்ளி மதியம் வரை தேட நேரம் இருக்கு.

அம்மா: இரண்டு டப்பாவாக ஊற்று கார்த்திக். ஃப்ரீசரில் இடம் இருக்கா?

கார்த்திக்: அம்மா மீனை எடுத்தால் இருக்கும்

வசந்தா அத்தை: மீனை எடுக்க மாட்டேன்