கழிவுமேட்டை ஒட்டிய நிலத்துக்கு என்ன போடலாம்?

கேள்வி: குப்பம் விவசாயி
வணக்கம். குப்பம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். 2001-ல் மூடிய தங்கச் சுரங்கத்தின் கழிவுமேடு வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. மழை பெய்து காய்ந்தால் மண்மேல் மஞ்சள் படலம் கட்டுகிறது. கேழ்வரகு நாலு இலையோடு நின்றுவிட்டது. பிடுங்கினால் வேர் குட்டையாக, நுனி பழுப்பாக இருக்கிறது. மண்ணின் பி.எச். 4.2, அதாவது ரொம்பப் புளிப்பு. உரக்கடையில் ஜிப்சமும் சூப்பர் பாஸ்பேட்டும் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: மாந்தோப்பு
ஜிப்சம் களர் நிலத்துக்குத்தான் அண்ணா. புளிப்பைக் குறைக்காது. சுண்ணாம்புக்கல் தூளும் தொழு உரமும் போடுங்கள்.

பதில்: மண்கூடத்து அக்கா
தம்பி, எதையும் கொட்டுவதற்கு முன்னால் ஆர்சனிக், ஈயம் என்ற இரண்டு நஞ்சும் மண்ணில் எவ்வளவு என்று பாருங்கள். மண்வள அட்டையில் இந்த இரண்டும் வராது, தனியாகக் கேட்க வேண்டும். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பாஸ்பேட் ஈயத்தைக் கட்டிப்போடும். அதே பாஸ்பேட் மண் பிடித்து வைத்திருக்கும் ஆர்சனிக்கை அவிழ்த்துவிடும். தங்கச் சுரங்கக் கழிவில் ஆர்சனிக் இருக்க வாய்ப்பு அதிகம். சுண்ணாம்பும் அளவு மீறினால் அப்படித்தான், பி.எச். 6-ஐ எட்டியதும் நிறுத்திவிடுங்கள்.

ஆர்சனிக்கைப் பிடிப்பது இரும்பு. நம்ம ஊர்ச் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். நல்ல நிலத்துச் செம்மண்ணை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, நன்றாக மக்கிய தொழு உரம் கலந்து வெட்டிவேர் நடுங்கள். அது உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும், புழுதியும் பறக்காது. தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. தேங்கினால் இரும்பு கரைந்து ஆர்சனிக் வெளியே வரும்.

அமெரிக்காவில் லெட்வில் என்ற சுரங்க ஊரில் 1998-ல் ஆற்றங்கரைக் கழிவுமண்ணில் ஏக்கருக்குச் சுமார் 100 டன் சாக்கடைக் கசடும் அதே அளவு சுண்ணாம்பும் கலந்து புல் வளர்த்தார்கள். அங்கே தொல்லை துத்தநாகம், ஈயம், காட்மியம். அந்த அளவை நாம் அப்படியே எடுக்க முடியாது. கழிவுமேட்டை ஒட்டி ஒரு பட்டையில் மட்டும் ஆரம்பியுங்கள்.

கேள்வி கேட்டவர்
ரொம்ப நன்றி அக்கா. வெட்டிவேர் தழையை மாட்டுக்குப் போடலாமா? அப்புறம் கேழ்வரகு எப்போது விதைக்கலாம்?

பதில்: மண்கூடத்து அக்கா
தழையைச் சோதிக்காமல் மாட்டுக்குப் போடாதீர்கள். மேயவும் விடாதீர்கள், புல்லோடு மண்ணும் வாய்க்குள் போகும். கேழ்வரகை இப்போது நினைக்கவே வேண்டாம். செடி பச்சையாக நிற்பதால் தானியம் சுத்தம் என்று ஆகாது. வீட்டுக் கிணறு அந்த மேட்டுக்குக் கீழே இருக்கிறதா? இருந்தால் முதலில் அந்தத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள்.