எக்செல் பட்டியலிலிருந்து தானாகப் போகும் மெயில்: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து

வரி ஆலோசகர் ஒருவரிடம் கணக்கு வேலை பார்க்கிறேன். டவுன் ரதவீதிக் கடைகள், வண்ணார்பேட்டை ஹார்டுவேர் கடைகள், அம்பைப் பக்கத்து அரிசி ஆலைகள் எல்லாம் எங்களிடம் வரும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதிக்குள், வரி கட்டும் சுருக்கப் படிவமான 3பி 20ஆம் தேதிக்குள். அதற்கு முன்னால் "பில் இன்னும் வரவில்லை" என்று ஆளாளுக்கு மெயில் போட வேண்டும். இதற்குத்தான் எக்செல்லில் மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சின்ன நிரல்.

மேக்ரோ என்றதும் பயப்பட வேண்டாம். ஆல்ட், எஃப்11 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மேக்ரோ எழுதுகிற விபிஏ ஜன்னல் திறக்கும். மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கைக் கூப்பிட ஒரு வரி, புது மெயில் திறக்க ஒரு வரி, பட்டியலின் கடைசி வரிசை வரை திரும்பத் திரும்ப ஓட ஒரு லூப். ஃபைலை எக்ஸ்எல்எஸ்எம் வகையில் சேமிக்க வேண்டும். சாதா எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றால் மேக்ரோ தங்காது. அவ்வளவுதான்.

உயிரை வாங்கியது பட்டியல். மெயில் முகவரிகளை அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தால் ஒரே முகவரி வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. 2017இல் ஜிஎஸ்டி வந்த சமயம் நிறைய கடைக்காரர்களுக்கு மெயில் கிடையாது. பதிவு செய்துகொடுத்த பிரவுசிங் சென்டர்காரர் தன் முகவரியையே போட்டுவிட்டார். சிலருக்கு எங்கள் அலுவலக முகவரியே இருந்தது! அப்படியே ஓட்டியிருந்தால் எங்களுக்கு நாங்களே நினைவூட்டல் அனுப்பியிருப்போம். சரி என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். ஒரு அண்ணாச்சி, "மெயிலா? அதை யாரு தம்பி பாக்கா? எம் மவன் மெட்ராஸ்ல இருக்கான், அவனுக்கு அனுப்புங்க, அவன் எனக்குச் சொல்லிருவான்" என்றார். அப்படியே அனுப்புகிறோம். அவர் பில்தான் இப்போது முதலில் வருகிறது.

அடுத்த தலைவலி பெயர். நம் ஊர்ப் பட்டியலில் எத்தனை இசக்கிமுத்து, எத்தனை சுடலைமுத்து இருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். பெயரை வைத்து பிடிஎஃப் இணைத்தால் ஒருவர் கணக்கு இன்னொருவர் கையில். அதனால் ஃபைல் பெயராக 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணையே வைத்தோம். எங்கள் ஆட்களுக்கு எல்லாம் தமிழ்நாட்டின் குறியீடான 33இல் தொடங்கும் என்பதால், அப்படித் தொடங்காத எண் கண்ணில் பட்டால் டைப் செய்ததில் ஏதோ தப்பு என்று அங்கேயே பிடித்துவிடலாம். அந்த ஃபைல் போல்டரில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இணைக்கும்படி ஒரு 'இஃப்' போடுங்கள். இல்லாவிட்டால் பாதி வழியில் எர்ரர் வந்து நின்றுவிடும்.

பட்டியலின் கடைசி நெடுவரிசையில் "அனுப்பியது" என்று தேதி பதிய வைப்பது ரொம்ப முக்கியம். ஒரு மெயில் போனதும் அந்த வரிசையில் தேதி விழுந்து, ஃபைலும் சேமிக்கப்பட வேண்டும். நடுவில் கரண்ட் போனாலும், திரும்ப ஓட்டும்போது தேதி விழுந்த ஆட்களை மேக்ரோ தாண்டிப் போய்விடும். அப்புறம், புதுப் பட்டியல் என்றால் 'சென்ட்' கட்டளைக்குப் பதில் 'டிஸ்ப்ளே' போட்டு முதல் சில மெயில்களைத் திறந்து படித்துப் பாருங்கள். என் முதலாளி இன்றும் அப்படிப் பார்த்த பிறகே விடுவார்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

பள்ளியில் ஆசிரியை நான். எங்களுக்கு அவுட்லுக் எல்லாம் இல்லை, கூகுள் ஷீட்தான். அதில் மேக்ரோ போலவே நிரல் எழுத ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்று உண்டு. மெயில்ஆப் என்ற ஒரே கட்டளையில் மெயில் போய்விடும். சாதாரண ஜிமெயில் கணக்கு என்றால் நாளொன்றுக்கு 100 பேர்தான், நிறுவனக் கணக்குக்கு 1500 வரை. நான் வகுப்பு வாரியாக, நாளுக்கு ஒரு வகுப்பு என்று பிரித்துக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கட்டத்தில் "ஆம்" என்று தட்டியதும் மெயில் போக வேண்டும் என்று ஆன்எடிட் செயல்பாட்டிலேயே எழுதிவிடாதீர்கள். கட்டம் மாறியதும் தானாக ஓடும் அந்தச் சாதா டிரிக்கருக்கு மெயில் அனுப்ப அனுமதி கிடையாது. டிரிக்கர் பக்கத்தில் போய்த் தனியாக நிறுவ வேண்டும்.

தென்காசியிலிருந்து

மேலே எழுதிய தம்பிக்கு: தமிழில் மெயில் அனுப்பிப் பார்த்தீர்களா? விபிஏ ஜன்னலுக்குள் தமிழில் தட்டினால் வெறும் கேள்விக்குறிகளாக நிற்கும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யூனிகோடை அந்த ஜன்னல் அறியாது. மெயில் வாசகத்தை ஒரு தனி ஷீட்டில், ஒரு கட்டத்தில் எழுதி, மேக்ரோ அங்கிருந்து எடுக்கும்படி செய்தால் சுத்தமாகப் போகிறது. பழைய பட்டியல், யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் பெறுபவருக்குப் போவது ஆங்கில எழுத்துக் கூட்டம்தான்.

யாராவது மெயிலில் அனுப்பிய மேக்ரோ ஃபைல் ஓடவில்லை என்றால் கம்ப்யூட்டரைத் திட்ட வேண்டாம். இணையத்திலிருந்து வரும் மேக்ரோவை 2022 முதல் மைக்ரோசாஃப்டே தடுத்து வைக்கிறது. ஃபைல் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அன்பிளாக். அனுப்பியவரை நன்றாகத் தெரிந்தால் மட்டும். 1999இல் மெலிசா வைரஸ் பரவியது வேர்டு மேக்ரோ வழியாகத்தான். ஒவ்வொருவர் அவுட்லுக்கிலிருந்தும் முதல் 50 முகவரிகளுக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. நாம் செய்கிற அதே வேலைதான், நோக்கம் வேறு.

இன்னொன்று, புதிய அவுட்லுக்கில் இந்த விபிஏ வேலை எதுவும் நடக்காது. மேலே வலது மூலையில் "புதிய அவுட்லுக்" என்று ஒரு பட்டன் ஆசை காட்டும். மேக்ரோ ஓடும் கம்ப்யூட்டரில் அதைத் தொடாதீர்கள்.