ஹங்கேரியன், துருக்கி மொழி தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. துருக்கி மொழி ஓரளவு கற்றபின் இப்போது ஹங்கேரியன் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். "என் பையில் நிறைய சின்ன ஆப்பிள் இருக்கிறது" என்பது ஹங்கேரியனில் "ஜெபெம்பென் ஷோக் கிச்சி ஆல்மா வான்". துருக்கியில் "ஜெபிம்டே சோக் குச்சுக் எல்மா வார்". பார்த்ததும் அசந்துபோனேன்.

ஆனால் ஹங்கேரியன், பின்னிஷ் போல, யூராலிக் என்ற மொழிக் குடும்பம்; துருக்கி வேறு குடும்பம். ரத்தம் அங்கே 'வேர்', பின்னிஷில் 'வெரி', துருக்கியிலோ 'கான்'. அப்படியென்றால் ஆல்மா போன்றவை கடன் சொற்கள்தான், சரி.

என்னைக் குழப்புவது அந்தக் கடன்களின் வயது. மாஜர்கள் (ஹங்கேரியர்கள்) 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்றைய ஹங்கேரிக்கு வருமுன்பே துருக்கிய இனத்தாரோடு பழகியவர்கள். பிறகு 1541 முதல் 1686 வரை புடா நகரம் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) ஒட்டோமான் துருக்கியர் கையில் இருந்தது. ஆக, ஒரு கடன் சொல் இந்த இரண்டில் எந்தக் காலத்தில் வந்தது? கடல் என்பதற்கு 'டெங்கெர்', 'டெனிஸ்'. எருதுக்கு 'ஒக்கொர்', 'ஒக்குஸ்'. இரட்டையருக்கு 'இக்கெர்', 'இக்கிஸ்'. (முதலில் வருவது ஹங்கேரியன்.) துருக்கியில் 'ஸ்' வருமிடத்தில் 'ர்' வந்தால் அது பழைய கடன், இன்றைய சுவாஷ் மொழியின் (ரஷ்யாவில் பேசப்படும் ஒரு துருக்கிய இன மொழி) உறவுக் கிளையிலிருந்து வந்தது என்கிறார்கள். இது எவ்வளவு அழகான தடயம்!

ஆனால் இந்த ஒலிகளே இல்லாத சொற்களை எப்படிப் பிரிப்பது? வேறு அடையாளங்கள் உண்டா? சுவாஷ் தெரிந்தவர்கள், அல்லது ஹங்கேரியன் சொற்பிறப்பியல் அகராதி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். ஐந்தாறு எடுத்துக்காட்டு கிடைத்தாலே பெரிய உதவி.