கார் இன்சூரன்ஸோடு லீகல் கவர்: 29 பவுண்டு தண்டமா?

ஹாரோவாசி:
அடுத்த வாரம் கார் இன்சூரன்ஸ் முடிகிறது. நம் கார் சேதத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும் காம்ப்ரிஹென்சிவ்தான், எக்ஸஸ் (ரிப்பேர் செலவில் நாம் கையிலிருந்து போடும் பங்கு) 400 பவுண்டு. புதுப்பிக்கப் போனால் கடைசியில் லீகல் கவர் 29 பவுண்டு, வக்கீல் செலவு 1,00,000 பவுண்டு வரை என்று நீட்டுகிறார்கள். நம் மேல் யாராவது கேஸ் போட்டால் இன்சூரன்ஸே பார்த்துக்கொள்ளுமே, அப்புறம் இது எதற்கு?

ஈஸ்ட்ஹாம் மாமா:
தம்பி, இது நாம் எதிராளி மேல் போவதற்கு. போன வருஷம் சிக்னலில் நின்ற என் காரை வேன்காரன் பின்னால் வந்து இடித்தான், டிக்கியைக் கயிற்றால் கட்டித்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். ரிப்பேர் செலவை இன்சூரன்ஸ் கொடுத்தது. ஆனால் எக்ஸஸ், நாலு நாள் சம்பளம், டாக்ஸிக் காசு எல்லாம் என் தலையில். லீகல் கவர் இருந்ததால் ஏழு மாதத்தில் அவன் கம்பெனியிடம் வாங்கித் தந்தார்கள்.

ரவுண்டபவுட் ராசா:
நான் எடுப்பதில்லை. ஜெயிக்க 51 சதவீதமாவது வாய்ப்பு இருக்கிறது என்று அவர்கள் வக்கீல் சொன்னால்தான் கேஸைத் தொடுவார்கள். எனக்கு ரவுண்டபவுட்டில் இடி விழுந்தபோது, ரெண்டு பேர் மேலும் தப்பு, சாட்சி இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். எக்ஸஸ் 400 பவுண்டுதானே, சின்னத் தொகைக்கான கோர்ட் வழியான ஸ்மால் கிளெய்ம்ஸில் 50 பவுண்டு கட்டி நாமே ஆன்லைனில் போடலாம், ஜெயித்தால் அதுவும் திரும்பி வரும். அந்த 29-ஐ டாஷ்கேமில் (ரோட்டைப் படம் பிடிக்கும் கார் கேமரா) போடுங்கள், அதுவே சாட்சி.

குரோய்டன் அக்கா:
காசு மட்டும் என்றால் ராசா சொல்வது சரி. அடிபட்டால் கதை வேறு. 2021 மே 31-லிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காயத்துக்கான இழப்பீடு 5,000 பவுண்டைத் தாண்டாது என்றால் பெரும்பாலும் வக்கீல் செலவை எதிராளியிடம் வாங்க முடியாது. 'ஜெயித்தால்தான் ஃபீஸ்' வக்கீலிடம் போனால் கிடைப்பதில் 25 சதவீதம் வரை அவருக்குப் போகும். லீகல் கவர் உதவுவது அங்கேதான். வீட்டு இன்சூரன்ஸில் லீகல் கவர் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், கார் விபத்தை அதில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. யூனியனில் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள், பல யூனியன்களில் ரோட்டு விபத்துக் காயத்துக்கும் வக்கீல் இலவசம்.

ஹாரோவாசி:
அக்கா, வீட்டுக்காரி ஆஸ்பத்திரி வேலை, யூனியனில் இருக்கிறாள். குடும்பத்துக்கும் உண்டாம், இப்போதுதான் போன் பண்ணிக் கேட்டாள். லீகல் கவர் வேண்டாம். ராசா, பின்னாலும் கேமரா இருக்கிற டாஷ்கேம் எது வாங்கலாம்?