டைப் 1 குழந்தை ஆப்பத்துக்கு இனிப்புப் பால் கேட்கிறாள். எதை ஊற்றலாம்?

கவிதா_பல்லடம்:
மகளுக்கு ஏழு வயது. போன வருடம் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி, இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசி ஒன்று. கார்ப் (சாப்பாட்டில் இருக்கும் மாவுச்சத்து, சர்க்கரை) கணக்கு இப்போதுதான் கற்றுக்கொண்டு வருகிறேன். ஞாயிறு காலையில் வீட்டில் ஆப்பம். அண்ணனுக்குச் சீனி போட்ட தேங்காய்ப்பால், அவளுக்குக் கொண்டைக்கடலைக் குருமா. "எனக்கு மட்டும் எதுக்கு காரம்?" என்று தட்டைத் தள்ளிவிடுகிறாள். மாமியார் கருப்பட்டி ஊற்றச் சொல்கிறார், நாத்தனார் தேன், கடைக்காரர் ஏதோ சுகர் ஃப்ரீ சிரப். ஆப்பம், தோசை, பான்கேக் மேல் ஊற்றவோ தூவவோ இனிப்பாக என்னதான் கொடுக்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

உடன்குடிப்பேத்தி:
மாமியார் சொல்வதைக் கேளுங்கள் கண்ணு. வெள்ளைச் சீனி வேறு, பனங்கருப்பட்டி வேறு. கருப்பட்டி ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும், இரும்புச்சத்தும் உண்டு. எங்கள் ஊரில் சர்க்கரைக்காரர்களே கருப்பட்டிக் காப்பிதான் குடிக்கிறார்கள். பாகு காய்ச்சி வடிகட்டி, முதல் பாலில் கலந்து ஊற்றுங்கள்.

வானதி_ஸ்ரீ:
அம்மா, கோபப்படாதீர்கள். இந்தப் பேச்சால் எத்தனை குழந்தைகளுக்கு மீட்டர் எகிறுகிறது தெரியுமா? கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், கரும்புச் சீனியில் இருக்கிற அதே பொருள். அதிலும் கடையில் வாங்குவதில் சீனி கலந்து காய்ச்சியதும் உண்டு. தேன் இன்னும் மோசம். ஒரு டீஸ்பூன் சீனி 4, 5 கிராம் நிற்கும். தேன் கனமானது, அதே ஸ்பூனில் 7 கிராம் வரும், அதில் 6 கிராம் போல சர்க்கரை. இயற்கை என்று நம்பி ஸ்பூனுக்கு ஸ்பூன் மாற்றினால் கூடுதலாகத்தான் போகும். பேரீச்சம்பழ சிரப்பும் இதே கதைதான்.

நான் என் பையனுக்கு ஸ்டீவியா சொட்டு விடுகிறேன். ஸ்டீவியா இலையிலிருந்து பிரித்தெடுத்த இனிப்பை 2015லேயே இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதித்துவிட்டார்கள். கார்ப் கிடையாது. இரண்டு சொட்டு, ஏலக்காய், முடிந்தது வேலை.

செந்தில்_இயற்கை:
ஏழு வயதுக் குழந்தைக்கு கெமிக்கல் இனிப்பா? உலக சுகாதார நிறுவனமே 2023இல் செயற்கை இனிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டதே. அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு புற்றுநோய்ப் பட்டியலில் வந்ததையும் படித்திருப்பீர்கள். இனிப்பே இல்லாமல் பழக்குங்கள். ஆரம்பத்தில் அழும், அப்புறம் நாக்கு பழகிவிடும்.

ராஜா_அப்பா:
என் மகனுக்கும் டைப் 1. இப்போது கல்லூரியில் படிக்கிறான். செந்தில் சார், பாதிதான் படித்திருக்கிறீர்கள். 2023 மே மாத வழிகாட்டுதல், எடை குறைப்பதற்காகவும் நோய் வராமல் தடுப்பதற்காகவும் இந்த இனிப்புகளை நம்ப வேண்டாம் என்றுதான் சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அஸ்பார்டேமை ஜூலையில் 'புற்றுநோய் வர வாய்ப்பிருக்கலாம்' என்ற பிரிவில் வைத்தார்கள், சரிதான். அதே நாளில், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய அளவை மாற்றத் தேவையில்லை என்றும் சொன்னார்கள். 20 கிலோ குழந்தைக்கு 800 மில்லிகிராம். ஆப்பத்து மேல் யாரும் அவ்வளவு கொட்டப் போவதில்லை.

அதற்காக வானதி கட்சி என்று நினைக்க வேண்டாம். நீங்கள் எல்லோரும் பாலைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், ஆப்பத்தை யாரும் பார்க்கவில்லை. பச்சரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 80 கிராம் மாவுச்சத்து. ஒரு ஆப்பத்துக்கு 25 கிராம் அரிசி போகிறது என்று வையுங்கள். 20 கிராம் கார்ப். அதாவது நாலைந்து டீஸ்பூன் சீனிக்குச் சமம். குருமாவோடு மூன்று ஆப்பம் சாப்பிட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. இரண்டு ஆப்பத்தோடு ஒரு டீஸ்பூன் சீனி என்றால் வீடே பதறுகிறது. ஒரு ஆப்பத்தைக் குறைத்துவிட்டு நிஜமான சீனியையே 5 கிராம் எடை போட்டு, கணக்கில் சேர்த்து, ஊசி போட்டுக் கொடுங்கள் கவிதா. டயட்டீஷியனிடம் கேளுங்கள், அவரும் இதைத்தான் சொல்வார்.

வானதி_ஸ்ரீ:
அண்ணா, உங்கள் மகன் பெரியவன். ஏழு வயதில் பாதித் தட்டில் எழுந்து ஓடும். 5 கிராமுக்கும் சேர்த்து ஊசி போட்ட பிறகு பாலை வைத்துவிட்டுப் போனால் லோ (ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது) ஆவது யாருக்கு? ஸ்டீவியா என்றால் அந்தப் பயம் இல்லை.

ராஜா_அப்பா:
ஆப்பத்தை வைத்துவிட்டுப் போனாலும் அதே லோதானே! இனிப்பை எடுத்துவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்துவிடாது. சின்னக் குழந்தைகளுக்கு ஊசியைப் பிரித்துப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்று. 'சர்க்கரைக்காரருக்கு இனிப்பே கூடாது' என்பது இன்சுலின் வருவதற்கு முந்தைய காலத்துப் பேச்சு. அன்றைக்குப் பட்டினி போட்டுத்தான் குழந்தைகளைக் கொஞ்ச நாள் உயிரோடு வைத்திருந்தார்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். நூறு வருடம் தாண்டிவிட்டது, நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள்.

உடன்குடிப்பேத்தி:
சீனி கொடுக்கலாம், கருப்பட்டி கூடாதா தம்பி? நல்ல நியாயம்.

ராஜா_அப்பா:
தாராளமாகக் கொடுங்கள் அக்கா. 5 கிராம் கருப்பட்டியை 5 கிராம் சீனியாகவே எண்ணிக் கொடுங்கள். ருசிக்குக் கருப்பட்டிதான் மேல், அதில் எனக்குச் சண்டையே இல்லை. 'இது ஏறாது' என்று சொல்லி ஊசியைக் குறைப்பதில்தான் சண்டை. உங்கள் ஊர் சர்க்கரைக்காரர்கள் பெரும்பாலும் டைப் 2. அவர்கள் உடம்பில் கொஞ்சமாவது இன்சுலின் சுரக்கும். இந்தக் குழந்தைக்கு அநேகமாகச் சுரக்கவே சுரக்காது. இரும்புச்சத்து எல்லாம் ஒரு ஸ்பூனில் எவ்வளவு வந்துவிடும்?

ஜெயா_சிஸ்டர்:
குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். யாரும் சொல்லாத ஒன்று. வீட்டில் எல்லாவற்றையும் ஸ்டீவியாவுக்கு மாற்றிவிடாதீர்கள். குழந்தைக்கு லோ ஆகிக் கை நடுங்கும்போது, பதற்றத்தில் பாட்டி ஸ்டீவியா கரைத்த பாலைக் கொடுப்பார். ஒன்றும் ஏறாது. அந்த நேரத்துக்கு நிஜமான குளுக்கோஸோ சீனியோதான் வேண்டும். எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் என்பது பொதுவான கணக்கு, 20 கிலோ குழந்தைக்கு 6 கிராம். உங்கள் டாக்டர் சொல்கிற அளவை எழுதி டப்பாவிலேயே ஒட்டுங்கள். சாக்லேட்டும் அதற்கு உதவாது, அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும்.

தேங்காய்ப்பாலுக்கும் அதே குணம் உண்டு. கார்ப் குறைவு, கொழுப்பு அதிகம். ஆப்பத்தோடு கெட்டிப்பால் போனால் சாப்பிட்ட உடனே மீட்டர் அமைதியாக இருக்கும், இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஏறலாம். 'பால் ஒத்துக்கொண்டது' என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

அப்புறம் அந்த சுகர் ஃப்ரீ சிரப். லேபிளைத் திருப்பிப் பாருங்கள். மால்டிட்டால், சார்பிட்டால் என்ற மாற்று இனிப்புகள் இருந்தால் அதிலும் ஓரளவு கார்ப் உண்டு, கூடினால் வயிற்றைக் கலக்கிவிடும். பவுடர் இனிப்பு பாக்கெட்டில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி இருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

செந்தில்_இயற்கை:
லேபிள், தராசு, கணக்கு! ஒரு குழந்தையின் சாப்பாட்டுக்கு இவ்வளவு தேவையா? நான் சொன்னது எளிது. இனிப்பு வேண்டாம்.

வானதி_ஸ்ரீ:
எளிதுதான், உங்கள் வீட்டில் அழுகிற குழந்தை இல்லாத வரைக்கும். மறுத்துக்கொண்டே இருந்தால் அது பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளையிடம் வாங்கித் தின்னும், ஊசி இல்லாமல். இந்த விஷயத்தில் ராஜா அண்ணாவும் நானும் ஒரே பக்கம்.

கவிதா_பல்லடம்:
எல்லோருக்கும் நன்றி. ஆனால் கணக்குத்தான் வந்ததே தவிர, பாத்திரத்தில் என்ன போடுவது என்று யாரும் சொல்லவில்லை!

ராஜா_அப்பா:
சரி, இதோ. எங்கள் வீட்டில் இப்போதும் இப்படித்தான். இரண்டாம் பாலைச் சுட வைத்து, இறக்கிய பிறகு முதல் பால். கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். ஏலக்காயைத் தாராளமாகத் தட்டிப் போடுங்கள், இம்மி சுக்கு, ஒரு கல் உப்பு. உப்பு சேர்ந்தால் இனிப்பை எடுத்துக்கொடுக்கும், கொஞ்சம் சீனியே போதும். பொது பாத்திரத்தில் இனிப்பே சேர்க்காதீர்கள். தராசில் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, மகள் கிண்ணத்தில் 5 கிராம் கருப்பட்டித் தூள், அண்ணன் கிண்ணத்திலும் அதே 5 கிராம். அவனுக்கு மட்டும் கூடுதல் என்றால் திரும்ப முதல் பஞ்சாயத்துதான். அவனுக்கும் அவ்வளவு சீனி தேவையில்லை.

வானதி_ஸ்ரீ:
பான்கேக்குக்கு: ஃப்ரெஷ் கிரீமை அடித்து, இனிப்பில்லாத கோகோ பவுடர், இரண்டு சொட்டு ஸ்டீவியா. மூன்று சொட்டானால் கசக்கும். மேலே ஸ்ட்ராபெரியை மசித்துப் போடலாம், 100 கிராமில் 8 கிராம் கார்ப்கூட வராது. தோசைக்கு: வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் கொரகொரப்பாகப் பொடித்து, நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்த் துருவலோடு தூவுங்கள். சீனியே இல்லாமல் இனிக்கும்.

உடன்குடிப்பேத்தி:
கோடையில் நுங்கைப் பொடியாக நறுக்கி அந்த ஏலக்காய்ப் பாலில் போடுங்கள். துவர்ப்புத் தோலை உரித்துவிட்டு, இளசாகப் பார்த்து. அதையும் எடை போடச் சொல்வீர்கள், போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ராஜா தம்பி, கருப்பட்டியும் சீனியும் ஒன்று என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கவிதா_பல்லடம்:
செவ்வாய்க்கிழமை டயட்டீஷியனிடம் 5 கிராம் கணக்கையும் ஊசி நேரத்தையும் கேட்டுவிட்டு வருகிறேன். அண்ணனிடம் சொன்னேன், இப்போதே முறைக்கிறான். தராசு ஒரு கிராம் துல்லியம் போதுமா, புள்ளி வைத்துக் காட்டுவது வேண்டுமா?

ராஜா_அப்பா:
ஒரு கிராம் போதும். பேட்டரி இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தீர்ந்துபோகும்.