மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிக்கை வந்தும் நாயின் காது ஆறாதது ஏன்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் காக்கர் ஸ்பேனியலுக்கு நான்கு மாதங்களாக வலது காதில் சீழ் வடிகிறது. பஞ்சால் ஒற்றி எடுத்தால், பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று நூல் இழுத்து வருகிறது. காதருகே கையைக் கொண்டுபோனாலே முனகுகிறது. சீழிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்சர் பரிசோதனையில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா என்றும், அது ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்குக் கட்டுப்படும் என்றும் வந்தது. இரண்டு வாரம் சொட்டு மருந்து விட்டும் குணமில்லை. அறிக்கை தவறா?

மறுமொழி 1 (ஆய்வகப் பணியாளர்):
அறிக்கை தவறாக இருக்க வேண்டியதில்லை. நாங்கள் சோதிப்பது தட்டில் தனியே வளர்த்த கிருமியை. காதுக்குள்ளோ அது சர்க்கரைப் பொருள்களாலும் புரதத்தாலும் ஆன உயிர்ப்படலத்தைச் சுரந்து அதனுள் ஒண்டிக்கொள்கிறது. உங்கள் பஞ்சில் நூலிழுத்து வந்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஜென்டாமைசின் அந்தப் படலத்திலும் சீழிலும் சிக்கி வலுவிழப்பதால், உள்ளே மந்தமாக வாழும் கிருமிகள் தப்பிவிடுகின்றன.

வலிக்கும் காரணம் உண்டு. இக்கிருமி சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி திசுக்களை அரிக்கிறது. எக்ஸோடாக்சின் ஏ என்ற நச்சு உயிரணுக்களின் புரத உற்பத்தியையே நிறுத்துகிறது. நீங்கள் கண்ட பச்சைக்கு அதன் நிறமிகளே காரணமாகலாம்; அவற்றுள் பயோவெர்டின் என்பது உடலிலிருந்து இரும்பைப் பறித்துக் கிருமிக்குக் கொடுக்கிறது. என்னை இன்றும் வியக்க வைப்பது வேறொன்று: இந்த ஆயுதங்களில் பலவற்றை அவை தொடக்கத்திலேயே எடுப்பதில்லை, ஒன்றுக்கொன்று வேதிச் சைகை அனுப்பி, போதிய கூட்டம் சேர்ந்த பிறகே சுரக்கின்றன.

மறுமொழி 2 (கால்நடை மருத்துவர்):
அதனால்தான் கசடை அகற்றாமல் சொட்டு மருந்தை மட்டும் நம்பக் கூடாது. நாயின் காதுக்குழாய் கீழிறங்கி உள்நோக்கி வளைவதால், பஞ்சை உள்ளே விட்டால் கசடு இன்னும் ஆழத்துக்குப் போகும், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். முதலில் செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று உங்கள் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் உட்செவியைப் பாதித்துக் கேட்கும் திறனைக் கெடுக்கக்கூடும். தேவையானால் மயக்கம் கொடுத்துக் கழுவுவார். ட்ரிஸ்-இடிடிஏ கரைசலைப் பற்றியும் கேளுங்கள். அது கிருமியின் வெளிச்சவ்வைப் பிணைத்திருக்கும் கால்சியம், மக்னீசியம் அயனிகளை உருவி எடுப்பதால், பின்னர் விடும் மருந்து எளிதில் உள்ளே நுழையும்.

இன்னொன்று: நாய் பாதங்களை அடிக்கடி நக்குகிறதா?

கேள்வி கேட்டவர்:
ஆம் ஐயா, பல மாதங்களாக ஓயாமல் நக்குகிறது. அதற்கும் காதுக்கும் தொடர்பிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

மறுமொழி 2:
ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் காதின் தோல் வீங்கி ஈரம் தேங்கிய பிறகே இத்தகைய கிருமிகள் குடியேறுகின்றன. காதோடு சேர்த்து அதையும் இப்போதே பரிசோதிக்கச் சொல்லுங்கள்.