வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவருக்கு முதலில் வேண்டியது பயிற்சியா, மாற்று ஆளா?

தாழ்வாரம்:
படுக்கையில் இருக்கும் பெற்றோரை வீட்டுக்கு அனுப்பும் முன், பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு மருத்துவமனை கட்டாயம் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறேன். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோனவரை எழுப்பும்போது பலரும் அந்தக் கையைப் பிடித்தே இழுக்கிறார்கள். தசைகள் தளர்ந்துபோன தோள்மூட்டு அதில் நழுவிவிடலாம். நிமிர்த்தி உட்கார வைக்காமல் ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா வரை கொண்டுபோய் விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரலாம். இதையெல்லாம் யாராவது சொல்லித் தந்தால்தானே தெரியும்?

கீழ்வானம்:
இரண்டு மணி நேரம் என்பது இரவுக்கும் சேர்த்துத்தானே? அப்போது தூங்குவது யார்? என் அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எப்படிப் புரட்டுவது என்று நன்றாகவே தெரியும். அலாரம் அடிக்கும்போது எழுந்திருக்கத்தான் உடம்பு ஒத்துழைக்கவில்லை. நர்ஸ் செய்ய வேண்டியதையும் மகள் தலையில் கட்டிவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்கிறார்கள். அதைவிடக் கஷ்டம், கற்றுக்கொண்டவளிடம் "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சொல்லிவிட்டுக் கூடப்பிறந்தவர்கள் ஒதுங்கிக்கொள்வது.

தாழ்வாரம்:
உங்கள் களைப்பு புரிகிறது. ஆனால் களைப்பைக் குறைப்பதும் பயிற்சிதான். 2004இல் பிரிட்டனில் பக்கவாத நோயாளிகள் 300 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற குடும்பத்தினருக்கு ஓராண்டு கழித்துச் சுமையும் மன அழுத்தமும் குறைவாக இருந்தன, செலவும் குறைந்தது.

மூன்றாம்படி:
நான் பிசியோதெரபிஸ்ட். அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். அதே பயிற்சியை மருத்துவமனைகளின் 36 பக்கவாதப் பிரிவுகளில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 2013இல் முடிவு வந்தது: வழக்கமான கவனிப்பைவிட எந்தப் பலனும் தெரியவில்லை. நோய் தாக்கிய உடனேயே கற்றுக்கொடுப்பது சரியான நேரமாக இல்லாமல் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. டிஸ்சார்ஜ் அன்று ஒரு கையில் பில், மறு கையில் மருந்துச் சீட்டு, அதன் நடுவில் நான் சொல்வது எங்கே மனதில் நிற்கும்? அங்கே உயரத்தை ஏற்றி இறக்கும் கட்டில் இருக்கும். வீட்டிலோ தாழ்ந்த கட்டில், வழுக்கும் தரை. வீட்டுக்குப் போய் அவர்கள் கட்டிலிலேயே காட்டினால்தான் பிடிபடுகிறது: முதலில் ஓரத்துக்கு நகர்த்துங்கள், பாதம் இரண்டும் தரையில் பதியட்டும், மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய வையுங்கள், அப்புறம் இடுப்பில் பிடித்து எழுப்புங்கள். அக்குளில் கை கொடுக்காதீர்கள்.

கீழ்வானம் அவர்களே, அம்மாவுக்கு எந்த மெத்தை? அழுத்தம் குறைக்கும் மெத்தை போட்டு, நர்ஸ் ஒருவர் தோலைப் பார்த்து, மறையாத சிவப்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்தால், இரவில் இடைவெளியை நீட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லாமல் நீங்களாக நீட்ட வேண்டாம்.

கீழ்வானம்:
சாதாரண மெத்தைதான். இப்படி ஒன்று கேட்கலாம் என்றே யாரும் சொன்னதில்லை. நன்றி. ஆனால் பாருங்கள், இதற்கும் வீட்டுக்கு ஒருவர் வந்து தோலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் கேட்பது அந்த ஆளைத்தான்.

தாழ்வாரம்:
வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 'ஐசப்போர்ட்' என்று 23 பாடங்கள் தயாரித்திருக்கிறது. வீட்டிலிருந்தே படிக்கலாம். பராமரிப்பவர் தன்னைக் கவனித்துக்கொள்ளவும் அதில் தனிப் பகுதி இருக்கிறது.

கீழ்வானம்:
அதைப் படித்தேன். பகலில் கத்துவதும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் நோயின் வேலை என்று புரிந்த பிறகு அம்மா மேல் கோபம் வருவது குறைந்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் 'ஓய்வெடுங்கள்' என்ற பாடத்தைப் படிக்கும்போதும் ஒரு காது பக்கத்து அறையில்தான் இருந்தது.

தாழ்வாரம்:
சரி, என் கோரிக்கையை மாற்றிக்கொள்கிறேன். ஒரு வீட்டுக்கு இரண்டு பேருக்காவது பயிற்சி, அதில் ஒருவர் தூரத்தில் இருக்கும் பிள்ளை. தெரியாது என்று அவர் ஒதுங்க முடியாது.

கீழ்வானம்:
அது நியாயம். ஆனாலும் வரிசையில் நான் உடன்பட மாட்டேன். வாரத்தில் ஓர் இரவு மாற்று ஆள் முதலில், வகுப்பு அப்புறம்.

மூன்றாம்படி:
முதலில் நர்ஸை வரச் சொல்லுங்கள். குதிகாலையும் இடுப்பெலும்புப் பக்கத்தையும் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள்.